வெளிச்சத்துக்கு வந்தவர்கள்

இருட்டறையில் நித்திரை கொண்டிருந்த தம்பியின் கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது.

பெற்றிசியா அவன் இமையை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு சிவப்புத் தாள் ஒட்டிய சின்ன டோர்ச்சை எட்டப் பிடித்துக்கொண்டு மறுபடி இமையைத் தூக்கினாள். அதே கடுகு. யன்னலுக்கு அவளே கறுப்புப் பொலித்தீன் அடித்து, கதவின் அடியிடுக்கில் பழைய சாரம் ஒன்றைச் சுருட்டித் திணித்து, மத்தியானத்தை வெளியே நிறுத்திவிட்டுத்தான் அவனைப் படுக்க வைத்திருந்தாள். இருட்டில் கண்மணி விரியும், வெளிச்சத்தில் சுருங்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. தம்பி லோறன்ஸின் கண்ணோ உச்சி வெயிலில் சூரியனை அண்ணாந்து பார்க்கிறவனின் கண்ணாக இருந்தது.

"என்னடா பாக்கிறாய்?" என்று கேட்டாள். கேட்ட பிறகு தன்மேலேயே கோபம் வந்தது. நித்திரையில் கிடப்பவனிடம் என்ன கேள்வி?

வெளியே பேசாலைக் கிராமம் வெயிலில் கிடந்தது. கரையோர வாடிக் கொட்டில்களில் காயும் கருவாட்டின் வாடை ஓட்டு இடுக்குகளால் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு றேடியோ பாட்டை முடிக்காமலே நின்றது. ஒழுங்கையில் நின்ற கழுதை வெக்கையில் குளம்பை மாற்றி மாற்றி வைப்பதும், அதற்கும் அப்பால் கடல் கரையைத் தொட்டுத் தொட்டுப் பின்வாங்குவதும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டன. இவ்வளவுக்கும் நடுவில் தம்பியின் வாய் மெல்லத் திறந்து மூடியது. மூச்சு மூக்கால் ஒழுங்காகத்தான் போய் வந்தது. வாய் மட்டும் தன்பாட்டுக்குத் திறந்தது, மூடியது. அவள் கையால் தாடையைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கைக்குள்ளும் அது அசைந்தது.

அவள் நித்திரையைப் படித்தவள். பல்கலைக்கழகத்தில் அதுதான் அவளுடைய ஆராய்ச்சி: பகலில் வரும் நித்திரை, வெளிச்சம் மனிதனின் மூளையை என்ன செய்கிறது என்பது. சொந்த ஊரில் இரவில் விளக்கு வைத்து மீன் பிடிக்கும் லைற் போட்டுகளில் போகிறவர்கள் பகலெல்லாம் அடித்துப்போட்டாற்போல் கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று வந்திறங்கினாள். 'நித்திரை டொக்டர்' என்று ஊர் பெயர் வைத்தது. இரவு முழுக்கக் கடலின் மேல் வெள்ளை விளக்குகளைக் கொளுத்திவிட்டு அதன் கீழ் நின்றால் மூளை அதைப் பகல் என்று நம்பிவிடும், பிறகு உண்மையான பகலை இரவாக்கித் தூங்கும் என்று அவள் விளக்கியபோது, "அப்ப எங்கட பெண்டுகள் எங்களைத் திட்டுறதில நியாயமில்லை எண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ" என்று பகிடி விட்டார்கள். அவளும் சிரித்தாள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

அமிர்தநாயகம் சம்மாட்டியின் போட் கடலுக்குள் கிடக்கும் மணல் தீடைகளுக்கு அப்பால் போய்வந்த பிறகுதான் கணக்குப் பிழைத்தது. அந்தப் போட்டில் நாலு பேர். சம்மாட்டி, சிங்கராசா, லோறன்ஸ், விளக்குக்காரன் ஜுனைதீன். திரும்பி வந்த கிழமையே சம்மாட்டி ஒரு மத்தியானம் பாயிலிருந்து நித்திரையோடு எழும்பி, அண்ணாந்தபடி கடற்கரைக்கு நடந்து போனார். அடுத்து சிங்கராசா. கடல் கொண்டுபோய்விட்டது என்று ஊர் அழுதது. பெற்றிசியா போய்க் காலடிகளைப் பார்த்தாள். அவை கடலுக்குள் போகவில்லை. மணலில் வட்டமாகச் சுற்றியிருந்தன. பெரிய வட்டம், அதற்குள் சின்ன வட்டம், அதற்குள் இன்னும் சின்னது. நடுவில் இரண்டு பாதங்கள் சேர்ந்து நின்ற தடம். அங்கிருந்து வெளியே போக ஒரு தடமும் இல்லை.

நேற்று லோறன்ஸ் எழும்பினான். கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். கட்டிலையும் இழுத்துக்கொண்டு வாசல்வரை போய், கயிற்றை அறுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். கயிறு அறுத்த இடத்தில் தோல் கிழிந்து இரத்தம் வடிந்தது அவனுக்குத் தெரியவில்லை. பொழுது படும்வரை முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தான், அவள் அவன் கையில் தொங்கிக்கொண்டே சுற்றினாள். சூரியன் இறங்கியதும் கண்ணைக் கசக்கிவிட்டு, "என்னக்கா, ஏன் அழுறாய்? தேத்தண்ணி இருக்கே?" என்று கேட்டான். இரவில் அவன் அவளுடைய தம்பி. பகலில் அவனை யாரோ கேட்கிறார்கள்.

கேட்கட்டும். சண்டைக் காலத்தில், தாயும் தகப்பனும் ஒரே நாளில் போன பிறகு, இவனை இடுப்பில் வைத்துக்கொண்டு மடுக் காட்டுக்குள் ஓடியவள் அவள். ஷெல்லுக்குக் கொடுக்காதவனை இப்போது ஒரு நித்திரைக்குக் கொடுப்பதாக இல்லை.

கதவில் தட்டும் சத்தம் கேட்டது. ஜுனைதீன் நின்றான். சிலாவத்துறைக்காரன், மீன் காலத்தில் வாடியில் தங்குகிறவன். முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

"ளுஹர் தொழுதிட்டு நேர வாறன் அக்கா. அவன் எழும்பிட்டானா?"

"இன்னும் இல்லை. உள்ள வாங்கோ. நீங்கள் நித்திரை கொண்டு எவ்வளவு நாள்?"

"கொள்ளுறேல்லை. கண்ணை மூடினா அது தெரியுது."

"எது?"

அவன் கதிரையின் நுனியில் இருந்தான். கை விரல்கள் முழங்காலில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தன. "அண்டைக்கு நாங்கள் லைற்றை நூர்த்த பிறகும் கடல் வெளிச்சமாக் கிடந்தது. நிலவில்லாத நாள். வெளிச்சம் மேலயிருந்து வந்தது. நாலு பேரும் அண்ணாந்து பாத்தம்."

"என்ன கண்டனீங்கள்?"

"வடிவா இருந்தது, அக்கா," என்றான் ஜுனைதீன். தூரத்தில் நின்ற மற்ற போட்டுக்காரர்களும் அதைக் கண்டார்கள் என்று மட்டும் சொன்னான்.

பெற்றிசியாவுக்கு மீன்கள் ஞாபகம் வந்தன. ஆராய்ச்சிக்காக அவளும் ஒரு இரவு லைற் போட்டில் போயிருக்கிறாள். முதலில் எல்லா விளக்கையும் கொளுத்துவார்கள். மீன்கள் எங்கெங்கோ இருந்து வந்து, வெளிச்சத்தைப் பார்த்தபடி, வாயைத் திறந்து மூடிக்கொண்டு வட்டமாகச் சுற்றும். நன்றாகச் சேர்ந்ததும் விளக்குகளை ஒவ்வொன்றாக நூர்ப்பார்கள். வெளிச்சம் குறையக் குறைய மீன்கள் நெருங்கி, கடைசியில் ஒரே ஒரு சின்ன விளக்கின் கீழ் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். அப்போது சுருக்குவலையைச் சுற்றி இறக்கி, அடிக் கயிற்றை இழுப்பார்கள். வலை அடியிலிருந்து மூடும். மேலே பார்த்துக்கொண்டிருக்கும் மீனுக்குக் கடைசிவரை அது தெரியாது.

பயம் வந்தது. பயத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு கோபமும் வந்தது. இரண்டில் கோபம்தான் அவளுக்குக் கைவந்தது.

"பக்கத்தில இன்னொரு போட் வந்து கூட வெளிச்சம் போட்டா என்ன நடக்கும்?"

"மீன் அங்க போயிரும். அதுக்குத்தானே நடுக்கடலில கல்லெறிஞ்சு அடிபடுறாங்கள்."

"அப்ப போய் உங்கட லைற் எல்லாத்தையும் கொண்டு வாங்கோ. பற்றரியும்."

கறுப்புக் கண்ணாடி அவள் பக்கம் திரும்பியது. "அக்கா, அதோட போட்டிக்கு நிக்கப் போறீங்களா?"

"அது வெளிச்சம் காட்டினா நானும் காட்டுவன். பொழுது படுமட்டும் தாக்குப் பிடிச்சாக் காணும். நாளைக்கு முதல் பஸ்ஸில இவனைக் கூட்டிக்கொண்டு மலைநாட்டுக்குப் போறன். அங்க வந்து பிடிக்கட்டும் பாப்பம்."

ஜுனைதீன் முதல் தடவையாகச் சிரித்தான். "பொல்லாத ஆள் நீங்கள்."

விளக்குகளை நடு அறையின் நிலத்தில் வட்டமாக, முகம் மேலே பார்க்க அடுக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவிச். சுவிச்சுகள் எல்லாம் ஒரு பலகையில். பலகையை மடியில் வைத்துக்கொண்டு ஜுனைதீன் மூலையில் குந்தினான். அது அவனுடைய பழகிய இடம். பெற்றிசியா யன்னல்களில் அடித்த பொலித்தீனைக் கிழித்தெறிந்தாள். ஒளித்திருக்க அவளுக்கு இனி மனமில்லை. முன்கதவின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, "கொளுத்துங்கோ" என்றாள்.

அறை வெளுத்தது. சுவரில் மாட்டியிருந்த மாதாவின் படமும் அலுமாரியும் கதிரைகளும் நிழல் இல்லாமல் நின்றன. சூடேறிய தூசியின் மணமும் பழைய மீன் இரத்தத்தின் மணமும் விளக்குகளிலிருந்து கிளம்பின. உள்ளறைக் கதவு திறந்தது. லோறன்ஸ் வந்தான். அண்ணாந்தபடியே வந்தவன் வாசலுக்கு இரண்டு எட்டு வைத்தான். நின்றான். கழுத்து மெல்ல மெல்ல, துருப்பிடித்த கதவுப் பிணைச்சல் திரும்புவதுபோல், கீழே இறங்கியது. விளக்குகளைப் பார்த்தான்.

பிறகு அவற்றைச் சுற்றி நடக்கத் தொடங்கினான்.

"வந்திட்டான்!" என்று பெற்றிசியா கத்தினாள். "ஜுனைதீன், பாத்தீங்களா? எங்கட பக்கம் வந்திட்டான்!" அவளுக்கு ஆட வேண்டும்போல் இருந்தது. கூரை ஓட்டைப் பார்த்துக் கையை நீட்டி, நல்ல பிள்ளைகள் வாயில் வராத ஒரு சொல்லைச் சொன்னாள். சொன்னது இனித்தது. தம்பியின் தோளில் கை வைத்துக்கொண்டு அவனோடு கூடவே சுற்றினாள், சின்ன வயதில் அவனுக்குச் சொன்ன நரிக்கதையைச் சொன்னாள். நரி நண்டுப் பொந்துக்குள் வாலை விடும் இடத்தில் அவன் உதடு அசைந்தது.

"அக்கா," என்றான் லோறன்ஸ். நித்திரை கலையாத குரல்.

"ஓம்டா. இஞ்சதான் நிக்கிறன்."

நேரம் ஊர்ந்தது. அவன் சுற்றினான், அவளும் சுற்றினாள். வெளியே கடலின் சத்தத்துக்குக் கீழே வேறொரு சத்தம் இருந்தது. மணலில் எதையோ இழுப்பது போன்ற, மெத்தென்ற, ஓயாத உரசல். கழுதை வேலியோரம் நகர்கிறது என்று நினைத்தாள். கழுதைதான். வேறென்ன? அது வீட்டின் பின்புறம் போனது, கிணற்றடியால் வந்தது, முன்புறம் போனது. ஒரே பக்கமாகச் சுற்றியது. லோறன்ஸ் சுற்றும் பக்கமாகவே.

அப்போதுதான் வெயில் குறைந்தது.

முகில் மறைத்தால் வெளிச்சம் மங்கி மங்கிக் குறையும். இது அப்படிக் குறையவில்லை. ஒரு படி இறங்கியது. யன்னலுக்கு வெளியே தென்னையின் நிழல் வெளிறி நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே. பிறகு இன்னொரு படி. வானத்தில் ஒரு துளி முகில் இல்லை. நாய் ஒன்று குரைக்கத் தொடங்கி, பாதியில் விட்டது.

"வெளிச்சத்தைக் குறைக்குது," என்றாள் பெற்றிசியா. அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கிய அளவுக்குத் துணிவும் வந்தது. குறைக்கிற போட் தோற்கும். பக்கத்தில் முழு வெளிச்சம் இருந்தால் மீன் எதற்கு மங்கலுக்குப் போகும்? "நீ குறை. எவ்வளவு வேணுமெண்டாலும் குறை. நாங்கள் குறைக்கமாட்டம். என்ன ஜுனைதீன்?"

மூலையில் ஜுனைதீன் பலகையை மடியில் வைத்தபடி இருந்தான்.

வெளியே இன்னொரு படி. அந்தி போலாயிற்று. அவளுடைய வீடு மட்டும்தான் ஊரில் வெளிச்சமாக நின்றிருக்கும். மணலின் உரசல் இப்போது எல்லாப் பக்கமும் கேட்டது. நெருக்கமாக. சுவரை ஏதோ தடவிக்கொண்டு போனது. கழுதை இல்லை. ஒரு கழுதை எப்படி எல்லாப் பக்கமும் நடக்கும்?

அறைக்குள் ஒரு விளக்கு நூர்ந்தது.

"பற்றரியா?" என்று திரும்பினாள்.

மூலையில் ஜுனைதீன் நேராகத்தான் இருந்தான். கறுப்புக் கண்ணாடி அவளைப் பார்த்தபடி இருந்தது. கண்ணாடிக்குக் கீழே வாய் மெல்லத் திறந்து மூடியது. திறந்து மூடியது. அவன் எப்போது தூங்கினான்? அவளோடு பேசிய பிறகா, அதற்கு முன்பேயா? மடியில் இருந்த பலகையில் விரல் மட்டும் நகர்ந்தது. மெதுவாக. பதமாக. சுற்றுகிற மீனைக் கலைக்காத கை, எத்தனையோ இரவு செய்து செய்து பழகிய கை. எதுவோ சுற்றுகிறது என்று அந்தக் கைக்குத் தெரிந்துவிட்டது. சுற்றினால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதற்குத் தெரியும்.

இன்னொரு விளக்கு.

"ஜுனைதீன்! வேண்டாம்! நூர்க்காதேங்கோ!"

இன்னொன்று. லோறன்ஸின் வட்டம் சுருங்கியது. பெற்றிசியா ஜுனைதீனிடம் ஓட நினைத்தாள். கால் வரவில்லை. கால் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் விளக்கைச் சுற்றி. எவ்வளவு நேரமாகச் சுற்றுகிறாள்? தம்பியைப் பிடித்திருப்பதாக நினைத்த கை வெறுமனே தொங்கியது. இன்னொரு விளக்கு. இன்னும் சின்ன வட்டம். கடைசி விளக்கு ஒன்றுதான். அதன்மேல் குனிந்து நின்ற லோறன்ஸின் கன்னமும் அவளுடைய கன்னமும் முட்டிக்கொண்டன.

வடிவாக இருந்தது.

அந்த எண்ணம் தன்னுடையது அல்ல என்று தெரிந்ததுதான் அவளைக் காப்பாற்றியது. நாக்கைக் கடித்தாள். இரத்தம் வரும்வரை கடித்தாள். வலி வந்தது, வலியோடு காலும் வந்தது. பாய்ந்து பலகையை ஜுனைதீனின் மடியிலிருந்து பறித்தாள். அவன் தடுக்கவில்லை. எல்லாச் சுவிச்சையும் ஒரே அடியாகப் போட்டாள். முழு வெளிச்சம். யன்னல்களால் பாய்ந்து முற்றத்தில் விழுந்தது.

முற்றம் நிறைய முகங்கள்.

யன்னல் கம்பியிலிருந்து வேலிவரை, வேலியிலிருந்து ஒழுங்கைவரை. சாரத்தோடு, வெறும் மேலோடு, பாய்த் தழும்பு பதிந்த கன்னங்களோடு. துண்டு எழுதித் தரச் சொல்லிப் பகிடி விட்டவர்கள். லைற் போட்டுகளில் போகிற ஊர்க்காரர் அத்தனை பேரும். சுற்றி முடித்திருந்தார்கள். தோளோடு தோள் நெரித்து நின்றார்கள். எல்லா வாயும் திறந்து மூடின. இவ்வளவு நேரமும் தன் தம்பியை மட்டும்தான் இழுத்துப் பிடிப்பதாக அவள் நினைத்திருந்தாள்.

விளக்கு இவ்வளவு வெளிச்சமாக எரிந்தும் இப்போது ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் அண்ணாந்திருந்தார்கள். வானம் இருண்டிருந்தது, நேர் உச்சியில் மட்டும் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி.

தாழ்ப்பாள் விலகும் சத்தம். லோறன்ஸ் வெளியே போனான். ஜுனைதீன் பின்னால் போனான். கூட்டம் அவர்களுக்கு இடம் விட்டு, மறுபடி மூடிக்கொண்டது.

பெற்றிசியா யோசிக்கவில்லை. பாய்ந்தாள். முழங்கையால் இடித்தாள், நகத்தால் கிழித்தாள், வியர்வையிலும் மீன் மணத்திலும் மூச்சு முட்ட முட்ட உள்ளே நுழைந்து, தம்பியைக் கண்டுபிடித்து, பின்னாலிருந்து இரண்டு கையாலும் இறுகக் கட்டிக்கொண்டாள். அவன் நெஞ்சு அவள் கைக்குள் அடித்தது. உயிரோடுதான் இருக்கிறான். அவளுடையவன்.

"விடமாட்டன்!" என்று மேலே பார்த்துக் கத்தினாள். "கேக்குதா? இவனை விடமாட்டன்! ஒருத்தரையும் விடமாட்டன்! வந்து பார்!"

புள்ளி அசையாமல் எரிந்தது. காலுக்கடியில் ஏதோ நகர்ந்தது. அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான் கீழே குனிந்து, கால்களின் இடுக்கால் பார்த்தாள்.

வேலிக்கு வெளியே, ஊரைச் சுற்றி, கடற்கரை மணல் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வரம்பாக எழும்பி, அடிக் கயிறு இழுபட்ட வலைபோல் சத்தமில்லாமல் உள்ளே வந்துகொண்டிருந்தது.